காமாட்சி சன்னிதியில் பைரவி ஸ்வரஜதி: எந்தக் காலம், எத்தனை கட்டை?

தருமபுரி பாட்டு டீச்சர்:
இந்த நவராத்திரிக்கு நம்ம கோட்டைக் கோயில் காமாட்சி அம்மன் சன்னிதியில எங்க பிள்ளைங்க சியாமா சாஸ்திரியோட பைரவி ராக ஸ்வரஜதி, 'காமாக்ஷி அனுதினமு' பாடப் போறாங்க. பெண் பிள்ளைங்கதான் அதிகம், குரல் உடைஞ்ச பையன்கள் நாலு பேர். விளம்ப காலம், அதாவது மெதுவான நடை. சுருதி, அதாவது ஆதார ஸட்ஜத்தோட உயரம், 5 கட்டை. எட்டு சரணத்தையும் முதல்ல ஸ்வரமா, அப்புறம் அதே மெட்டுல சாகித்யமா, அதாவது பாட்டு வரியா, முழுசாப் பாடினா கால் மணி நேரம் ஆகுது. பெற்றோர்ல சிலர், இழுவையா இருக்கு, வேகமா எடுங்கங்கறாங்க. எனக்கு மனசு வரலை. நீங்க என்ன சொல்றீங்க?

கிருஷ்ணகிரி மிருதங்கம்:
அவங்க சொல்றதுல நியாயம் இருக்குங்க டீச்சர். இதோட தாளம் மிஸ்ர சாப்பு, ஏழு எண்ணிக்கை; அது தகிட தகதிமின்னு நடக்கணும். ரொம்ப இழுத்தா மூணும் நாலும் சேர்ந்து வர்ற அந்த நடை செத்துப் போகும். பிள்ளைங்க ஒரு தட்டு தட்டிட்டு அடுத்த தட்டுக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்க. பைரவியும் வேகத்துக்குப் பயப்படற ராகம் இல்லை. அதே ராகத்துல இருக்கற 'விரிபோணி' வர்ணத்தை மெதுவா, அப்புறம் ரெட்டை வேகத்துலன்னு ரெண்டு காலத்துலயும் பாடறோமே! அதைச் செஞ்ச பச்சிமிரியம் ஆதியப்பய்யாதானே சாஸ்திரிக்கு குரு? மத்யம காலத்துல, நடுத்தர வேகத்துல எடுங்க. ஸ்வரத்தை விட்டுட்டு சாகித்யம் மட்டும் பாடினா இன்னும் சுருங்கும்.

தருமபுரி பாட்டு டீச்சர்:
வர்ணம் ரெண்டு காலத்துக்குன்னே கட்டினது, சார். ஸ்வரஜதி அப்படி இல்லை. ஆட்டத்துக்கு இருந்த உருப்படியை உட்கார்ந்து பாடற உருப்படியா மாத்தினவர் சாஸ்திரி. அவர் அதுல என்ன வெச்சிருக்கார்னு பாருங்க: முதல் சரணம் ஸட்ஜத்துல ஆரம்பிக்குது, ரெண்டாவது ரிஷபத்துல, மூணாவது காந்தாரத்துல. இப்படியே ஏறி எட்டாவது சரணம் மேல் ஸட்ஜத்துல வந்து நிக்குது. ஸ்வரத்தை விட்டுட்டா இந்த ஏற்றம் கேக்கறவங்க காதுல எப்படி விழும்? அதை நான் விடவே மாட்டேன்.

வேகத்துக்கு வரேன். பைரவிக்கு ரெண்டு தைவதம், அதாவது 'த' ஸ்வரம் ரெண்டு விதம். ஏறும்போது உசந்த சதுஸ்ருதி, இறங்கும்போது தாழ்ந்த சுத்தம். அந்த சுத்த தைவதத்தை அசைச்சுப் பிடிக்க பிள்ளைங்களுக்கு இடம் வேணும். ஓட்டினா ரெண்டும் ஒண்ணாக் குழையும், பைரவியே இருக்காது. அந்த மண்டபமும் கல்லு. தொங்கும் தூண் பக்கத்துல நின்னு ஒரு கை தட்டிப் பாருங்க, சத்தம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு தெரியும். வேகமாப் பாடினா ஒரு ஸ்வரத்து மேல இன்னொண்ணு ஏறி உட்காரும்.

கிருஷ்ணகிரி மிருதங்கம்:
இழுத்தாலும் பைரவி போயிடும் டீச்சர்! பெரிய வித்வான்களுக்கு மூச்சு இருக்கு, விளம்பத்துல நிறுத்திப் பிடிப்பாங்க. பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க? இடைவெளியை நிரப்ப ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்குவாங்க. அது மஞ்சி ராகம் மாதிரிக் கேக்கும். மஞ்சி பைரவிக்கு எவ்வளவு நெருக்கம்னு உங்களுக்குத் தெரியாததில்லை. இன்னொரு விஷயமும் சொல்றேன். குழுவாப் பாடினா காலப்பிரமாணம், அதாவது பாட்டோட வேகம், தானா ஓடும். ஒன்றரை மடங்கு வேகத்துல முடிக்கப் போறவங்களுக்கு விளம்பத்துல ஆரம்பிச்சு என்ன பிரயோஜனம்?

ஓசூர் ரசிகை:
அண்ணா, டீச்சர் ரெண்டு பேருக்கும் வணக்கம். எங்க வீட்டுல தெலுங்குதான் பேசுவோம். அந்தப் பல்லவியைப் புரிஞ்சு கேக்கற எனக்கு அது அழுகையாவே படலை. தினமும் மறக்காம உன் பாதமே கதின்னு நம்பியிருக்கேன்னு சொல்றார். ஒருத்தர் அம்மா பக்கத்துல உட்கார்ந்து, அவசரமே இல்லாம பேசற பேச்சு அது. ரொம்ப மெதுவாப் பாடறவங்க பல பேர் அதை ஒரே சோகமா ஆக்கிடறாங்க, அதுல எனக்கு வருத்தம். அதுக்காக ஓட்டமாவும் வேண்டாம். நம்பிக்கையாச் சொல்ற ஒருத்தர் ஏன் ஓடணும்? டீச்சர் பக்கம்தான் நான், ஆனா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் பாடச் சொல்லாதீங்க பிள்ளைங்களை.

பென்னாகரம் நாயனம்:
காலத்தைப் பத்தி இவ்வளவு பேசறீங்க, கட்டையைப் பத்தி யாரும் வாயே திறக்கலை. 5 கட்டைல அந்த நாலு பையன்கள் என்ன பண்ணுவாங்க? மேல் ஸட்ஜத்துக்குப் பெண் பிள்ளைங்களோட போனா தொண்டை கிழியும். ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ஸட்ஜத்துல இருந்து அடுத்த ஸட்ஜம் வரைக்கும், கீழ இறங்கிப் பாடினா முதல் சரணத்துலயே குரல் காணாமப் போகும். அதுக்காக எல்லாருக்கும் பொதுவா 2 கட்டைக்கு இறக்கிடாதீங்க, பெண் பிள்ளைங்க குரல் அடங்கிப் போகும். எங்க தொழில்லயே பாருங்க, குட்டையான திமிரி நாயனத்துக்கு இருக்கற எடுப்பு வேற, நீளமான பாரி நாயனத்துக்கு இருக்கற கனம் வேற. அதேபோல சுருதி மாறினா பாவமும் மாறும்.

என் யோசனை இது. 5 கட்டையே இருக்கட்டும். முதல் நாலு சரணம் பெண் பிள்ளைங்க மட்டும். பஞ்சமத்துல ஆரம்பிக்கற அஞ்சாவது சரணத்துல இருந்து பையன்கள் ஒரு ஸ்தாயி கீழ சேரட்டும். அங்க அவங்க குரலுக்கு அது சரியான இடம். மேல ஏறஏற அடியில கனமும் சேரும். 'சியாமகிருஷ்ண'ன்னு சாஸ்திரி தன் அடையாளமா வெச்ச முத்திரை வர்ற கடைசி சரணத்துல மொத்தப் பேரும் நிக்கும்போது, வேகமே கூட்டாம பாட்டு தானா நிமிரும்.

தருமபுரி பாட்டு டீச்சர்:
ஐயா, இது எனக்குத் தோணவே இல்லை. நாளைக்கே பையன்களை வெச்சுப் பாடிப் பாக்கறேன். அக்கா சொன்ன சோகம் பத்தியும் பிள்ளைங்ககிட்ட பேசறேன். காலத்தை மட்டும் மாத்தமாட்டேன்.

கிருஷ்ணகிரி மிருதங்கம்:
கட்டை விஷயத்துல அண்ணன் சொன்னதை ஒத்துக்கறேன். ஸ்வரமும் இருக்கட்டும், அந்த ஏற்றம் கேக்கணும்தான். ஆனா இந்த விளம்பம் பிள்ளைங்களுக்கு அதிகம்னு இப்பவும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு மிருதங்கத்தோட வரேன். முதல் சரணத்தை உங்க காலத்துல ஒரு தடவை, அதைவிடக் கொஞ்சம் எடுப்பா ஒரு தடவை பாட வைங்க. சுத்த தைவதம் எதுல நிக்குதோ, அதுக்கு வாசிக்கறேன்.