மேனிஃபோல்டு மாற்றிய கதைகள்: ஏலகிரி இறக்கத்தில் மூன்றாவது மிதி

ராணிப்பேட்டை_எஸ்டீம்:

பெலினோ மேனிஃபோல்டை (என்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) மாருதி எஸ்டீமில் ஏற்றுவது பற்றி இங்கே இருப்பவர்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அதனால் முன்கதையை ஓட்டிவிடுகிறேன். வண்டி 2001 எம்பிஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் தெளிக்கும் வகை. மேனிஃபோல்டும், அதன் வாயில் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியும் சேர்த்துப் புதுப்பேட்டையில் 4,500 ரூபாய். (பழைய 1.6 செடான் பெலினோவைச் சொல்கிறேன். இப்போது ஓடும் ஹேட்ச்பேக்கை நினைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டாம்.) வேலூரில் எனக்குப் பழக்கமான பாய் ஷெட்டில் ஒரு வியாழக்கிழமை வேலை நடந்தது. பேக்கிங் வைத்துப் பார்த்ததில் போல்ட் துளைகள் உட்கார்ந்தன. போர்ட் ஓரத்தில் மட்டும் அரை நூல் படி இருந்தது, அதை பாய் ஃபைல் போட்டு இழைத்தார். சாயந்திரம் சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கீழே கொஞ்சம் சோம்பல், 4,000 ஆர்பிஎம் தாண்டினால் வேறு வண்டி.

பாய் ஒன்று சொன்னார். "பிரேக் பூஸ்டர் ஹோஸ் தொளதொளன்னு கீது தம்பி. கிளிப்பு இறுக்கினாலும் பிடிப்பு இல்ல. நாளைக்கு ஜும்மா முடிச்சிட்டு வேற ஹோஸ் வாங்கியாறேன். அதுவரைக்கும் வண்டிய இங்கயே வுடு."

மேனிஃபோல்டின் உறிஞ்சலை (வேக்யூம்) பிரேக் மிதிக்குத் துணையாகக் கொண்டு போகும் குழாய் அது. நான் வண்டியை அங்கே விடவில்லை. மறுநாள் காலை அப்பாவை ஏற்றிக்கொண்டு ஏலகிரி. ஏறும்போது 14 வளைவும் தெரியவே இல்லை, அப்பாவே "என்னடா பண்ணின வண்டிய?" என்று கேட்டார். மேலே ஒரு பலாப்பழம் வாங்கிப் பின்சீட்டில் வைத்தோம்.

இறங்கும்போது மேலிருந்து மூன்றாவது வளைவோ நான்காவதோ. முதல் மிதி எப்போதும்போல் இருந்தது. இரண்டாவது மிதியில் பெடல் பாதிதான் போனது. மூன்றாவது மிதி, கருங்கல் படியில் கால் வைத்த மாதிரி. அதே நேரத்தில் என்ஜின் தானாக 'உய்ய்' என்று ஏறுகிறது. அக்சிலேட்டரில் என் கால் இல்லை. செகண்ட் கியரில் இருக்கிறேன், வண்டி பிடிக்கவே இல்லை, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல் போகிறது. சீட்டைவிட்டு எழும்பி இரண்டு காலையும் வைத்து அழுத்தினேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், சாவியை அணைத்தேன். பலாப்பழம் உருண்டு வந்து அப்பா சீட்டின் முதுகில் மோதியது. கட்டைச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. எதிரே ஏறி வந்த பஸ் டிரைவர் எதுவும் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

பானெட்டைத் திறந்தால் ஹோஸ் கழன்று தொங்குகிறது. அப்பா கேட்டார்: "பாய் பார்த்துச் சரின்னு சொன்னாரா?"

"ஆமாம்பா, சொன்னார்" என்றேன்.

அப்பா போனை வாங்கி பாயைப் பேசாத பேச்சு பேசினார். மறுமுனையில் ஒரு வார்த்தை இல்லை. பாய் பைக்கில் வேலூரிலிருந்து ஏலகிரி வரைக்கும் வந்தார், சட்டைப் பையில் புது ஹோஸ், இரண்டு கிளிப். மாட்டினார். காசு வாங்கவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. வெள்ளிக்கிழமை.

ஆறு வருடம் ஆகிறது.


குடியாத்தம்_ஜிப்ஸி:

உங்களுக்காவது வண்டி ஓடியது. நான் எஸ்டீம் மேனிஃபோல்டை ஜிப்ஸியில் போட்டவன். கணக்கு எளிது என்று நினைத்தேன்: இரண்டிலும் அதே ஜி13பிபி என்ஜின், அதே 1,298 சிசி. எஸ்டீமில் 85 பிஎச்பி, ஜிப்ஸியில் 80. அந்த 5 குதிரை மேனிஃபோல்டில்தான் ஒளிந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

எஸ்டீமில் என்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும், ஜிப்ஸியில் நெடுக்கே. இந்தச் சின்ன விஷயம் எனக்கும் தெரியும், என் மெக்கானிக்குக்கும் தெரியும். மேனிஃபோல்டைப் போல்ட் போட்டு முடுக்கும்வரை இரண்டு பேருக்கும் நினைவுக்கு வரவில்லை. த்ராட்டில் பாடி வாய் எங்கேயோ பார்க்கிறது, ஏர் பைப்பை எப்படி வளைத்தாலும் பானெட் மூடவில்லை. சணல் கயிற்றில் பானெட்டைக் கட்டிக்கொண்டு பேரணாம்பட்டு வரை போனேன். வழியில் ஒரு ஆட்டு வியாபாரி நிறுத்தி, "சார், வாய் தொறந்துகினு போவுது" என்றார். வண்டிக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மூன்றாவது நாள் பழையதையே மாட்டிவிட்டேன்.


ஆறு_வால்வு:

கார்புரேட்டர் மாருதி 800-க்கு எம்பிஎஃப்ஐ மேனிஃபோல்டு வாங்கி வந்த அறிவாளி நான்தான். "எல்லாம் அதே 796 தம்பி, கண்ண மூடிகினு மாட்டு" என்றார் கடைக்காரர். அதே 796 சிசிதான். ஆனால் என்னுடைய என்ஜின் ஹெட்டில் (வால்வுகள் உட்காரும் மேல்பாகம்) 6 வால்வு, அது வந்த ஹெட்டில் 12. போர்ட் வடிவமே வேறு. ஷெட்டில் மேனிஃபோல்டை ஹெட் பக்கத்தில் பிடித்துப் பார்த்த மெக்கானிக், டீ சொல்லிவிட்டு வந்து, மறுபடியும் பிடித்துப் பார்த்தார். டீ குடித்த பிறகும் துளை பொருந்தவில்லை. இப்போது அது மாடியில் துளசிச் செடிக்கு முட்டு.


பள்ளிகொண்டா_டோல்:

ராணிப்பேட்டை நண்பருக்கு ஒரு சந்தேகம். வேக்யூம் ஹோஸை உள்ளேதான் இழுக்கும், வெளியே தள்ளாது. இறக்கத்தில் அக்சிலேட்டர் விட்டிருக்கும்போது மேனிஃபோல்டில் வேக்யூம் உச்சத்தில் இருக்கும். அப்போது போய் ஹோஸ் எப்படிக் கழலும்? கதையில் ஏதோ விட்டுப் போயிருக்கிறது.

இன்னொன்று. இங்கே எல்லோரும் பெருமையாக எழுதுகிறீர்கள், சட்டத்தை யாரும் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ வந்தது: மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒன்றுக்கு என்பதைக் கவனியுங்கள். மேனிஃபோல்டு ஒன்று, த்ராட்டில் பாடி ஒன்று என்று எண்ணினால் என்ன ஆகும்? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். 15 வருடம் ஆன வண்டியை எஃப்சிக்குக் கொண்டு போகும் முன்பாவது பழையதை மாட்டிவிடுங்கள், பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பில் இருந்தால் வையுங்கள், போல்ட்டுகளைத் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள்.

என் அனுபவம்: மச்சான் வண்டியில் ஒருமுறை மாற்றினோம். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.


இருபது_மில்லி:

டோல் அண்ணா கேட்டது நல்ல கேள்வி. ஆனால் ஏறும் பாதையை விட்டுவிட்டார். 14 வளைவும் கால் முழுக்க அழுத்தி ஏறியிருக்கிறார். த்ராட்டில் முழுக்கத் திறந்தால் மேனிஃபோல்டில் வேக்யூம் கிட்டத்தட்ட இல்லை, ஹோஸைப் பிடித்திழுக்க எதுவும் இல்லை. வளைவுக்கு வளைவு என்ஜின் மவுண்ட்டில் ஆடுகிறது, சூட்டில் ரப்பர் இளகுகிறது. அப்போதே முக்கால்வாசி நழுவியிருக்கும், இறக்கத்தில் மிச்சமும் போயிருக்கும். பூஸ்டரில் ஒருவழி வால்வு உண்டு, அதனால் சேர்த்து வைத்த வேக்யூம் ஒன்றிரண்டு மிதிக்கு வரும். அவர் சொன்ன முதல் மிதி, இரண்டாவது மிதி கணக்கு அப்படியே சரி. கழன்ற ஓட்டை வழியே காற்று உள்ளே போனதால்தான் என்ஜின் தானாக ஏறியது, என்ஜின் பிரேக்கும் செத்தது. கதையில் எதுவும் விட்டுப் போகவில்லை.

நான் காட்பாடியில் படிக்கும்போது மாணவர் ரேஸ் கார் அணியில் இருந்தேன். ஃபார்முலா மாணவர் போட்டியில் பெட்ரோல் என்ஜின் என்றால் அது குடிக்கும் காற்று முழுக்க 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். கிட்டத்தட்ட இப்போதைய ஒரு ரூபாய் காசு அளவுதான். இரண்டு மாதம் மேனிஃபோல்டு செய்தோம், வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தது தெரியவில்லை. ஐட்லிங் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கார் ஓட்டும் போட்டி நாளில் ஸ்டார்ட்டே ஆகவில்லை. இவ்வளவுதான் என் கதை.

ஆனால் கேட்காமலே ஒன்று சொல்கிறேன். பெரிய வாய் என்றால் பவர் என்று எல்லோரும் நினைக்கிறோம். வால்வு மூடும்போது குழாயில் வேகமாக வந்துகொண்டிருக்கும் காற்று முட்டித் திரும்பும். அந்த அலை போய்வர நேரம் பிடிக்கும். அடுத்த முறை வால்வு திறந்திருக்கும்போது அலை வந்து சேர்ந்தால் கூடுதல் காற்று இலவசம். நீளமான, ஒடுங்கிய குழாய் கீழ் ஆர்பிஎம்முக்கு உதவும். குட்டையான, அகலமான குழாய் மேலே உதவும். பெலினோ மேனிஃபோல்டு 1,590 சிசிக்குச் செய்தது. 1,298 அதில் அதே காற்றோட்டத்தைப் பெற இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அவர் சொன்ன அந்த 'கீழே சோம்பல்' அதுதான். கிரீன் சர்க்கிளிலிருந்து காட்பாடி வரை யார் 5,000-த்தில் ஓட்டப் போகிறார்கள்? ஜிப்ஸி அண்ணாவுக்கும் அதே பதில்: அந்த 5 பிஎச்பியை மேனிஃபோல்டு ஒன்றே வைத்திருக்காது, எக்ஸாஸ்ட், ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாம் பங்கு போடும். இதையும் தாண்டி மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பேக்கிங் புதிது போடுங்கள், அனபாண்ட் பசையை அள்ளிப் பூசாதீர்கள், போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்குங்கள், பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (என்ஜின் உள்ளே கசியும் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்புவது) இரண்டையும் கையால் இழுத்துப் பாருங்கள், ஐட்லிங் ஆடினால்


ஆறு_வால்வு:

தம்பி, டீ ஆறுது.


பாகாயம்_அம்பாசடர்:

இளைஞர்கள் மாருதி பற்றிப் பேசும் இடத்தில் நான் அம்பாசடரைக் கொண்டு வருகிறேன், மன்னிக்கவும். 1980-களின் தொடக்கம். பெரியப்பாவின் மார்க் 3. இங்கிலாந்தில் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் வந்ததும் அம்பாசடரில் இருந்த அதே 1,489 சிசி என்ஜின்தான். அதில் எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர் இரண்டு. அந்த இரட்டை கார்புரேட்டர் மேனிஃபோல்டு ஒன்று, கப்பலில் வந்த சொந்தக்காரரின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு போர்ட், ஆக மொத்தம் இரண்டே துளை. அப்படியே உட்கார்ந்தது.

கடினம் அதற்குப் பிறகுதான். இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். கருவி எதுவும் கிடையாது. ஒரு சாண் ரப்பர் குழாய், ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறுமுனை காதில். 'இஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும்வரை ஸ்குருவைத் திருப்ப வேண்டும். தோட்டப்பாளையத்தில் ஒரு வயதான மேஸ்திரி வந்தார். என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நீ கேளு. எது பெருசா ஊதுது சொல்லு" என்று குழாயை என் காதில் வைத்தார். எனக்குப் பத்து வயது. முன்னது பெருசு என்றேன், கால் சுற்று திருப்பினார். இப்போது பின்னது என்றேன். ஒரு மணி நேரம் இப்படியே. கடைசியில் இரண்டும் ஒன்று என்றேன். ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தார்.

எனக்கு வேலை கற்றுக்கொடுக்கிறார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்ச நாள் கழித்து அவர் ஷெட் வாசலில் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். உள்ளே ஒரு என்ஜினும் ஓடவில்லை. அவருடைய பையன்தான் போய்த் தோளைத் தொட்டான்.

பெரியப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது. பெட்ரோல்தான் குடித்தது.


பள்ளிகொண்டா_டோல்:

இருபது மில்லி தம்பி சொன்ன விளக்கம் சரி. வாபஸ் வாங்குகிறேன். சட்டத்தை வாபஸ் வாங்கவில்லை.

ராணிப்பேட்டை நண்பரே, பாயிடம் அப்புறம் பேசினீர்களா?


ராணிப்பேட்டை_எஸ்டீம்:

இல்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆயில் மாற்றக்கூட இப்போது வேறு ஷெட்டுக்குத்தான் போகிறேன்.

என் பழைய மேனிஃபோல்டு பாய் ஷெட்டில் இருக்கிறது. கழற்றிய அன்றே கழுவித் துடைத்து, துளைகளில் துணி அடைத்து, கோணியில் சுற்றி வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லி இதுவரை இரண்டு முறை போன் செய்துவிட்டார். கடைசியாகப் போன ரம்ஜானுக்கு முந்தின வாரம். "இடத்த அடைக்குதுன்னு சொல்லல தம்பி, உன் பொருளு, வந்து வாங்கிக்கோ" என்றார்.

வருகிறேன் பாய் என்றேன்.