மொட்டு தானாக எங்களிடம் வந்த நாள்

மொட்டு, நாங்கள் வீட்டில் வளர்க்கும் பன்றி. எங்களிடம் வந்தபோது அவளுக்கு 7 மாதம். அதற்குமுன் இன்னொரு குடும்பத்தில் இருந்தாள். கைக்கு அடக்கமாகவே இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியவர்கள், அவள் மாதத்துக்கு மாதம் பெருப்பதைப் பார்த்து மிரண்டுபோய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏமாந்தது அவர்கள்தான். குட்டி வகை என்று சொல்லப்படும் பன்றியும் 3, 4 வயதுவரை வளரும், 50 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டு இருக்கும். அழைத்து வருமுன் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசியது இதைத்தான்: சின்னவள் படித்து முடித்து வேலைக்குப் போகும்போதும் மொட்டு இந்த வீட்டில் இருப்பாள், எல்லோருக்கும் சம்மதமா?

முதல் நாளே ஒரு தப்பு செய்துவிட்டோம். கூண்டைத் திறந்தும் வெளியே வரத் தயங்கினாள். என் கணவர் பாசத்தோடுதான் அவளை வாரித் தூக்கினார். அவள் வீரிட்ட வீரிடலில் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள். பன்றியின் அலறல் 100 டெசிபெல்லைத் தாண்டும். பன்றி, இரையாகிற விலங்கு. நான்கு காலும் தரையை விட்டு எழும்பினால், ஏதோ ஒன்று தன்னைக் கவ்விக்கொண்டு போகிறது என்றே அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். நாய்க்குட்டியை அள்ளிக் கொஞ்சுவதுபோல இதை அள்ளக் கூடாது. இந்த ஒன்றை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் மொட்டுக்கு அந்த பயம் வந்திருக்காது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்புறம் ஒரு சின்ன அறையை அவளுக்கென்று ஒதுக்கினோம். வழுக்காமல் இருக்கத் தரை முழுக்க விரிப்பு. ஒரு மூலையில் பழைய போர்வைகள், எதிர் மூலையில் கழிவுத் தட்டு. பன்றி அசிங்கமான விலங்கு என்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்: படுக்கிற இடத்தை அவள் ஒரு நாள்கூட நனைக்கவில்லை. இரண்டாம் நாளே எதிர் மூலைக்குப் போனாள். தண்ணீர்ப் பாத்திரம் மட்டும் கவிழ்க்க முடியாத கனத்தில் இருக்கட்டும். பன்றிக்குத் தண்ணீர் கிடைக்காமல் போனால், தீவனத்தில் இருக்கும் உப்பே நஞ்சாகிவிடும்.

பிறகு காத்திருந்தேன். வேறு வழி எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல், கையில் இருக்கும் புத்தகத்தை வாய்விட்டு வாசிப்பேன். வெள்ளரித் துண்டுகள் போட்ட தட்டை அறையின் நடுவில் வைப்பேன். நான் இருக்கும்வரை அவள் போர்வைக்குள்ளேயே கிடப்பாள், மூக்கு மட்டும் வெளியே தெரியும். மறுநாள் தட்டு என் பக்கமாக ஒரு சாண் நகரும். ஒரு வாரத்துக்குப் பிறகு நான் இருக்கும்போதே வந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் பக்கத்தைப் புரட்டினால் பிடரி மயிர் சிலிர்த்துக்கொள்ளும், ஓடிவிடுவாள். நானும் அசையமாட்டேன்.

19ஆம் நாள் கணுக்காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. மூக்கு. ரப்பர்போல உறுதியாக, குளிர்ச்சியாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டு துளைகளும் விரிந்து சுருங்கின. கணுக்கால், முழங்கால், புத்தகத்தின் ஓரம் என்று ஒன்றொன்றாக முகர்ந்துகொண்டே வந்தாள். மேலிருந்து கையை நீட்டாமல், கீழிருந்து மெல்லக் கொண்டுபோய் அவள் முன்னங்காலுக்குப் பின்னால் சொறிந்தேன். மயிர் சீப்புப்பல்போல முரடாக இருந்தது, அதற்கு அடியில் தோல் வெதுவெதுப்பு. அடித்தொண்டையில் சின்னச் சின்னதாக உறுமினாள். பின்னங்கால் மடங்கியது, தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து வயிற்றைக் காட்டிவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வாசலில் நின்ற பெரியவன் மூச்சுகூட விடவில்லை.

பழகியபின் வந்த சிக்கல் வேறு. பிள்ளைகள் ஆசையாகக் கையாலேயே ஊட்டப் பழக்கிவிட்டார்கள். கை என்றால் தீனி என்று ஆனது, வெறுங்கையையும் கடிக்க வந்தாள், காலை முட்டித் தள்ளினாள். பன்றிக் கூட்டத்தில் யார் யாரை நகர்த்துகிறார்கள் என்பதுதான் யார் பெரியவர் என்று முடிவு செய்யும். கையால் ஊட்டுவதை அடியோடு நிறுத்தினோம். முட்ட வந்தால் அடிக்காமல், கத்தாமல், அவள் தோள் பக்கமாக நாமும் நடந்து அவளை இரண்டடி நகர வைப்போம். கருத்தடை அறுவை முடிந்ததும் இன்னும் அமைதியானாள். அதற்குமுன் 21 நாளுக்கு ஒருமுறை வரும் இனச்சேர்க்கைப் பருவத்தில் பாவம், அவளுக்கே நிலைகொள்ளாது.

மறுமொழி:

அக்கா, தூக்குவது பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் கறுப்பன் வளர்ந்த பிறகு வந்தவன். பயம் போக இரண்டு மாதம் ஆனது. எங்களுக்குப் பிரச்சினை அவன் மூக்கு. தரை விரிப்பைச் சுருட்டினான், செடிகளை வேரோடு பெயர்த்தான். திட்டித் திட்டி அலுத்தபின்தான் புரிந்தது, கிண்டாமல் பன்றியால் இருக்கவே முடியாது. ஒரு அகலமான மரப்பெட்டியில் விழுங்க முடியாத அளவு பெரிய உருண்டைக் கற்களை நிரப்பி, இடையிடையே தீவனத்தைத் தூவி வைத்தோம். ஒரு மணி நேரம் அதிலேயே கிடப்பான். விரிப்புக்கும் விடுதலை. வெயில் காலத்துக்குச் சேற்றுக்குழி ஒன்று வெட்டிக்கொடுங்கள். வியர்த்துக் குளிர அவற்றுக்கு வழி இல்லை, சேறுதான் தோலைக் காக்கும்.

மறுமொழி:

எங்களுடையது வந்து 5 நாள்தான் ஆகிறது. இன்னும் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா, சும்மா இருக்க வேண்டுமா?

மறுமொழி:

தாராளமாகக் கூப்பிடுங்கள் தம்பி. தீனித் தட்டை வைக்கும்போதெல்லாம் அதே குரலில் பெயரைச் சொல்லுங்கள், சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். மூக்கு வெளியே தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் உங்களை முகர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், தரையில் போய் உட்காருங்கள். கற்பெட்டி யோசனைக்கு மேலே எழுதியவருக்கு நன்றி, இந்த ஞாயிற்றுக்கிழமை செய்துவிடுகிறோம். இப்போது மொட்டு வாயால் போர்வையை இழுத்து இழுத்துப் படுக்கை போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் போய் விளக்கை அணைக்க வேண்டும்.