பார்சிலோனாவிலிருந்து மயாமி செல்லும் ஒருவழிக் கப்பல்: ஷெங்கன் விசா ஒற்றை நுழைவாக வந்துவிட்டது, என்ன செய்வது?

பள்ளத்தூரான் (கேள்வி, ஆகஸ்ட் 11)

வணக்கம். நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றபின் சென்னையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக ஊர் ஊராகத் தங்கிப் பயணம் செய்து வருகிறோம். எங்களுடையது என்று சொல்லப் பள்ளத்தூரில் பங்காளிகளோடு பொதுவாக இருக்கும் பெரிய வீட்டில் ஒரு பங்கும், இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறையும்தான் உண்டு. இப்போது ஒரு கல்யாணத்துக்காக இங்கே வந்திருக்கிறோம்.

அக்டோபர் கடைசியில் பார்சிலோனாவில் புறப்பட்டு, காசாபிளாங்கா, டெனெரிஃபே ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து நவம்பர் நடுவில் மயாமியை அடையும் ரீபொசிஷனிங் குரூஸ் ஒன்றில் அறை எடுத்திருக்கிறோம். கோடை முழுவதும் மத்தியதரைக் கடலில் ஓடிய கப்பல், குளிர்காலத்துக்குக் கரீபியன் பக்கம் இடம் மாறும்போது வெறுமனே போகாமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. இடையில் ஏழெட்டு நாள் கரையே கிடையாது என்பதாலும், ஒருவழி மட்டும் என்பதாலும், ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் கட்டணம் குறைவாக இருக்கிறது. திரும்பி வர வீடு என்று ஒன்று காத்திராத எங்களுக்கு ஒருவழி என்பது குறையாகப் படவில்லை. மயாமியில் இறங்கி ஹூஸ்டனில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம்.

கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் முன்பதிவுச் சரிபார்ப்பை நிரப்பியபோது, எங்கள் இருவர் பெயருக்கும் எதிரே 'பயண ஆவணம் போதாது' என்று சிவப்பாக வருகிறது. ஸ்பெயின் வழங்கிய ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவானது) கையில் இருக்கிறது, ஆனால் அது ஒற்றை நுழைவு, அதாவது ஒரு முறைதான் உள்ளே போகலாம். அமெரிக்க விசா பத்தாண்டுக்கானது; செல்லுபடியாகிறது, ஆனால் காலாவதியான பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தைத் தயாரித்துக் கொடுத்த முகவர் 'ஒன்றும் ஆகாது' என்கிறார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டில் எது காரணம்? இரண்டுமேவா?

இன்னொன்று: எங்கள் குடித்தனமே இரண்டு பெட்டிகளில் அடங்கியது. அதில் ஒரு சிறிய மின்சாரக் குக்கரும், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலும், ஒரு ஸ்பைக் பஸ்டரும் உண்டு. கப்பலில் விடுவார்களா?

தேவகோட்டைக் கடலோடி (ஆகஸ்ட் 11)

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். பயணிகள் கப்பலின் சமையற்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆவணம் சரியில்லை என்று துறைமுகத்திலேயே பெட்டியோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதால் நீட்டி எழுதுகிறேன்.

முதற்காரணம் ஒற்றை நுழைவுதான். விமானப் பயணத்தில் ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டையும் பார்த்தால் போதும். கப்பலில் ஒவ்வொரு துறைமுகத்தையும் வரிசைப்படி பார்க்க வேண்டும். பார்சிலோனாவில் நுழையும்போது உங்கள் ஒரு நுழைவு தீர்ந்துவிடுகிறது. காசாபிளாங்கா மொராக்கோவில் இருப்பதால் அங்கே போகும்போது ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறியவர்களாகிறீர்கள். அடுத்து வரும் டெனெரிஃபே ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் கிடந்தாலும் கேனரித் தீவுகளில் ஒன்று. ஸ்பெயினுக்குச் சொந்தமானது, ஷெங்கனுக்கு உட்பட்டது. ஆகவே அது இரண்டாவது நுழைவு. காசாபிளாங்காவுக்குப் பதிலாக ஸ்பெயினின் காடிஸோ போர்ச்சுகலின் மடெய்ராவோ இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது. அறையைவிட்டு இறங்கவே மாட்டோம் என்று சொன்னாலும் கப்பல்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பி இருக்காதீர்கள்.

கையிலுள்ள விசாவைத் திருத்தித் தர மாட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு, பல நுழைவு கேட்டுப் புதிதாக விண்ணப்பியுங்கள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். இன்று தொடங்கினால் உங்களுக்கு நேரம் இருக்கிறது, அடுத்த மாதம் தொடங்கினால் இருக்காது. கைரேகை 59 மாதங்களுக்குச் செல்லும் என்பதால் பெரும்பாலும் மறுபடி கேட்க மாட்டார்கள். விண்ணப்பக் கடிதத்தில் துறைமுகங்களைத் தேதியோடு வரிசையாக எழுதி, டெனெரிஃபே வரியை அடிக்கோடிட்டு, கப்பல் டிக்கெட்டையும் இணையுங்கள். உங்கள் முகவர் ஓட்டல் பதிவையும் விமான டிக்கெட்டையும் மட்டும் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மொராக்கோவுக்கும் நமக்கு விசா வேண்டும். இணையம் வழியாகவே வாங்கலாம். கப்பலைவிட்டு இறங்காதவர்களுக்கும் அது கட்டாயமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி ஆச்சி (ஆகஸ்ட் 12)

பாஸ்போர்ட் விஷயத்தில் கவலை வேண்டாம், தம்பி. அமெரிக்க விசா கிழியாமல், ரத்து முத்திரை விழாமல் இருந்தால், பழைய பாஸ்போர்ட்டையும் புதிய பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டிப் போகலாம். நான் அப்படித்தான் இரண்டு முறை போய் வந்தேன். இணையப் படிவத்தில் ஒரே பாஸ்போர்ட் எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கும். அதில் புதிய எண்ணைக் கொடுத்துவிட்டு, விசா எண்ணைத் தனியாக நிரப்புங்கள். சிவப்பு போகாவிட்டால் தொலைபேசியில் பேசி, உங்கள் பதிவில் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் ரப்பர் வளையம் போட்டு ஒன்றாகவே வைத்திருங்கள்; பிரித்து வைத்தால் பழையது பெட்டிக்குள் போய்விடும், அந்தப் பெட்டி சாயங்காலம்தான் அறைக்கு வரும்.

சொல்லப்போனால் கவனிக்க வேண்டியதே அதுதான். துறைமுகத்தில் பெட்டிகளைச் சுமைதூக்குபவரிடம் கொடுத்துவிடுவோம். அவை ஸ்கேன் ஆகி, அறை வாசலுக்கு வர இரவு கூட ஆகலாம். ஆகவே மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத் துணி எல்லாம் தோள்பையில் இருக்க வேண்டும். மருந்தைப் பயண நாட்களைவிடப் பத்து நாள் கூடுதலாக, அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். நடுக்கடலில் மருந்துக்கடை இல்லை, கப்பல் மருத்துவர் வாங்கும் கட்டணமும் நம் நெஞ்சுக்கு ஆகாது. அவசரத்தில் கரைக்குத் தூக்கிச் செல்லும் செலவையும் ஏற்கும் காப்பீடாகப் பார்த்து எடுங்கள்.

குக்கர், கெட்டில், வாட்டர் ஹீட்டர் ராடு, இஸ்திரிப் பெட்டி, ஸ்பைக் பஸ்டர் எதுவும் பொதுவாக அனுமதியில்லை. தீ விபத்துக்குப் பயப்படுகிறார்கள், அதில் தப்பில்லை. ஸ்கேனில் தெரிந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு சீட்டுத் தருவார்கள், கடைசி நாளில் திருப்பிக் கொடுப்பார்கள். ஒளித்து வைத்தால் பெட்டியே தாமதமாகும். தனிப் பையில் மேலாக வைத்துக் கேட்குமுன் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வற்றல், பொடி, சீடை எல்லாம் கடையில் முத்திரையிட்டு வாங்கியதாக இருக்கட்டும். மயாமியில் சுங்கத்தாரிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம், எலுமிச்சை இன மரங்களுக்கு நோய் பரப்பும் என்று அங்கே தடை. இஞ்சி மரப்பா எடுத்துக்கொள்ளுங்கள், அட்லாண்டிக் நவம்பரில் சும்மா இருக்காது.

பள்ளத்தூரான் (ஆகஸ்ட் 12)

இருவருக்கும் நன்றி. கடலோடி சொன்னபடியே முகவர் கப்பல் டிக்கெட்டை இணைக்கவில்லை என்பதை இன்று ஒப்புக்கொண்டார். நாளை சென்னை போகிறேன். இரண்டு சிறு ஐயங்கள்: நிரந்தர முகவரிக்குப் பங்கு வீட்டைக் கொடுக்கலாமா? நவம்பரில் ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டுமே, நடுக்கடலில் ஓடிபி வருமா?

தேவகோட்டைக் கடலோடி (ஆகஸ்ட் 13)

பங்கு வீட்டையே கொடுங்கள். பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் அதே முகவரி இருந்தால் போதும். ஊருக்குத் திரும்ப வேர் இருக்கிறது என்று காட்ட, பங்கு விவரம் உள்ள பத்திர நகலையும் வைக்கலாம். பினாங்குக்கும் ரங்கூனுக்கும் கொண்டு விற்கப் போன நம் ஐயாக்களும் இதே வீட்டு முகவரியைச் சொல்லித்தான் கப்பலேறினார்கள்.

ஓடிபியை நம்பாதீர்கள். கப்பல் கரையைவிட்டு விலகியதும் செல்பேசி கடல்வழி ரோமிங்கில் சேர்ந்துகொள்ளும். நினைத்துப் பார்க்க முடியாத பில் வரும். விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, பணம் கட்ட வேண்டியதையெல்லாம் முன்பே கட்டி முடியுங்கள். சான்றுக்கு நவம்பர் 30 வரை நாள் இருக்கிறது. ஹூஸ்டனில் இந்தியத் துணைத் தூதரகம் இருப்பதால் அங்கேயே கையொப்பம் வாங்கிவிடலாம்.

புறப்படும் நாளன்று பார்சிலோனாவில் போய் இறங்காதீர்கள், இரண்டு நாள் முன்னதாகச் சேருங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. 2012-இல் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபின் அதைப் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்கள். மேற்கு நோக்கிப் போவதால் ஆறு இரவுகள் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். மாத்திரை நேரத்தை அதற்கேற்பக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், குறிப்பாகச் சர்க்கரைக்குச் சாப்பிடுபவராக இருந்தால்.

பள்ளத்தூரான் (நவம்பர் 2)

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பல நுழைவு விசா 23 நாட்களில் வந்தது. அதைப் பதிவேற்றிய மறுநாளே சிவப்பு மறைந்துவிட்டது. பழைய பாஸ்போர்ட் விஷயம் தொலைபேசிக் குறிப்போடு முடிந்தது. கொலம்பஸ் சிலைக்கு அருகிலிருந்து துறைமுகத்துக்குப் பேருந்து போகிறது என்றாலும், பெட்டிகளை உத்தேசித்து டாக்சியில் போனோம். சரிபார்ப்பு மேசையில் இருந்த பெண், ரப்பர் வளையத்தைக் கழற்றி, இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டி, துறைமுக வரிசையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிய பிறகுதான் கப்பலேறும் அட்டையைக் கொடுத்தார்.

இதை டெனெரிஃபேயில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இறங்கும்போது எங்கள் விசாவில் 'பல' என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள். குக்கரும் கெட்டிலும் கப்பல் காவலில் இருக்கின்றன, சீட்டு என் மனைவியின் பணப்பையில் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் ஏறிவிட வேண்டும். இனி மயாமி வரை கரை இல்லை.