புதுப்பிப்பு: பி12 குறைவும் விறைப்புத் தளர்ச்சியும் – அலகில் ஒரு திருத்தம்

வைட்டமின் பி12 குறைந்தால் நரம்பு கெட்டு விறைப்புத் தளர்ச்சி (ஆணுறுப்பு போதிய அளவு விறைக்காமை) வரலாம் என்ற முந்தைய பதிவில் '200க்குக் கீழே குறைவு' என்று எழுதியிருந்தோம். அது இந்திய ஆய்வகங்களின் கணக்கு: ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை பிகோகிராம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிடைக்கும் அறிக்கையில் பெரும்பாலும் லிட்டருக்கு இத்தனை பிகோமோல் என்று இருக்கும். அந்த அலகில் எல்லை ஏறத்தாழ 148. உங்களுக்கு 170 என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள். பாதம் மரத்துப்போனால் மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனையும் (பி12 போதாதபோது இந்த அமிலம் ரத்தத்தில் கூடும்) கேளுங்கள்.

புரட்டாசி விரதம்தான் காரணமா என்ற கேள்விக்குப் பதில்: இல்லை. கல்லீரலில் பி12 ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஒரு மாதம் கவிச்சி தள்ளினால் தீர்ந்துவிடாது. சந்தேகப்பட வேண்டியது சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை. பல ஆண்டுகள் சாப்பிட்டால், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து! சர்க்கரை ஏறினால் ஆணுறுப்பின் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் இன்னும் மோசமாகக் கெடும். ஆண்டுக்கொரு முறை பி12 பாருங்கள். குறைந்திருந்தால் வழக்கமாக தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. நரம்பு அறிகுறி இருந்தால் ஊசி. ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளே தொடரும்.

வைட்டமின் டி குறைவும் தளர்ச்சியும் சேர்ந்தே காணப்படுவது உண்மை. மாத்திரை போட்டால் விறைப்பு திரும்பும் என்பதற்கு உறுதியான சான்றில்லை. துத்தநாகம் தினம் 40 மில்லிகிராமைத் தாண்டி நீண்டகாலம் போனால் செம்பு குறையும். அதுவும் நரம்பைக் கெடுக்கும்.

முடிக்காக அதிக அளவு பயோட்டின் (ஒரு வகை பி வைட்டமின்) எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லி, டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வு முறைகளில் அது அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். இந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில்.