ஏற்காட்டில் ஒற்றை அறைக்குக் கட்டுப்படியாகும் ஹாட் அண்ட் கோல்டு ஏசி: அனுபவப் பகிர்வு

ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகலூர் சாலை, ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் வீடு வைத்திருப்பவர்கள், "ஒரே ஓர் அறையைக் குளிர்காலத்தில் கதகதப்பாக வைக்க வேண்டும், செலவும் கைக்கு அடங்க வேண்டும், எதை வாங்கலாம்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் விடை ஒன்றுதான். கிடைப்பதிலேயே சிறிய இன்வர்ட்டர் (தேவைக்கேற்பத் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும்) ஹாட் அண்ட் கோல்டு ஸ்ப்ளிட் ஏசியை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை அறையின் சந்துகளை அடைக்கவும், நல்ல எர்த் போடவும் செலவழியுங்கள். எண்பது வயதைக் கடந்த என் மாமியாரின் படுக்கையறைக்காகப் பல கடைகளில் விசாரித்து வாங்கி, சில குளிர்காலங்களாக அதைப் பயன்படுத்திவருகிறோம் என்பதால், காரணங்களையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அதற்கு முன்பு எங்கள் வீட்டில் எஸ்டேட் வழக்கப்படி கரிக் கணப்பு வைத்திருந்தோம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவருக்கு ஆபத்து நெருங்குவதே தெரியாது. படுக்கையறையில் கணப்பு வைக்கும் வழக்கத்தை இன்னும் விடாதவர்கள் தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்து 2,000 வாட் ஆயில் ஹீட்டருக்கு மாறினோம். அது பாதுகாப்பானதுதான், ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேல் எந்த ஹீட்டராலும் தர முடியாது. ஹாட் அண்ட் கோல்டு ஏசி அப்படி வெப்பத்தை உண்டாக்குவதில்லை; வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. கோடையில் செய்யும் வேலையையே, ஃபோர் வே வால்வு என்னும் ஓர் உறுப்பு வாயுவின் ஓட்டத்தைத் திருப்பிவிடுவதால், குளிர்காலத்தில் எதிர்த்திசையில் செய்கிறது. நம் மலையின் குளிருக்கு, ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று முதல் நான்கு யூனிட் வெப்பம் வரை கிடைக்கிறது.

"நம் மலையின் குளிருக்கு" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 12, 13 டிகிரி அளவுக்கு இறங்கும். இந்த இயந்திரங்களின் சூடேற்றும் திறனை அளக்கும் சோதனையில் வெளி வெப்பநிலையை 7 டிகிரி என்றே வைத்துக்கொள்கிறார்கள். அதாவது, விவரத்தாளில் எழுதியிருப்பதைவிட நம் ஊரில் இயந்திரத்தின் பாடு எளிதாகவே இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும் ஓடும் என்று சொல்லி விற்கப்படும் விலையுயர்ந்த மாடல்கள் பனி பொழியும் ஊர்களுக்கு உரியவை. அந்தத் திறனுக்கு நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எத்தனை டன் என்பதில்தான் கடைக்காரர்களோடு எனக்கு நீண்ட வாதம் நடந்தது. சேலத்து வெயிலை மனத்தில் வைத்து, 12 அடிக்கு 12 அடி அறைக்கு ஒன்றரை டன் என்றே எல்லாரும் சொன்னார்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும், கான்கிரீட் கூரையும், 10 அடி உயரமும் உள்ள அந்த அறையை, வெளியே 12 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரியில் வைக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். நான்கு சுவர்களும் வெளிக்காற்றைத் தொடுகின்றன என்று வைத்துக்கொண்டாலும், சுவர் வழியாக ஏறத்தாழ 700 வாட், கூரை வழியாக 330 வாட், சந்துகளில் நுழையும் காற்றால் 100 வாட் என்று மொத்தம் 1,100 வாட்டை ஒட்டியே வருகிறது. ஒரு டன் என்பது ஏறக்குறைய 3,500 வாட். மலையில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால் திறனில் கொஞ்சம் குறையும். அதைக் கழித்த பிறகும் 0.8 டன்னே தாராளம். பெரிய இயந்திரம் வாங்கினால் அது தன் மிகக் குறைந்த வேகத்தில் ஓடினாலும் தேவைக்கு மேல் சூடாக்கும். ஆகவே சற்று ஓடி நின்று, மீண்டும் ஓடி நின்று மின்சாரத்தை வீணாக்கும். எனவே விவரத்தாளில் "அதிகபட்சம்" என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், சூடேற்றும்போது "குறைந்தபட்சம்" எவ்வளவு என்பதையும் கேட்டுப் பாருங்கள். அது 1,000 வாட்டுக்கு அருகில் அல்லது அதற்கும் கீழே இருந்தால் நல்லது.

நட்சத்திர முத்திரையைப் பற்றியும் ஒரு சொல். இந்திய எரிசக்தித் திறன் செயலகம் தரும் நட்சத்திரங்கள் குளிரூட்டும் வேலையை மட்டுமே அளக்கின்றன; வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை, ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓட்டுவதாக வைத்துக்கொண்ட கணக்கு அது. ஏற்காட்டில் ஏசியைக் குளிரூட்டுவதற்காக நாம் ஓட்டப்போவது சித்திரை, வைகாசியில் சில பிற்பகல்கள்தான். ஐந்து நட்சத்திரத்துக்காகக் கூடுதலாகப் பல ஆயிரம் கொடுப்பதைவிட, மூன்று நட்சத்திரத்தில் சூடேற்றும் சிஓபி (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை யூனிட் வெப்பம் என்ற எண்) 3.5-க்கு மேல் உள்ள மாடலைத் தேடுவதே நமக்குப் பொருத்தம். இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். ஹாட் அண்ட் கோல்டு என்ற பெயரில், உள்ளே வெறும் ஹீட்டர் காயில் (மின்சாரத்தில் சூடாகும் கம்பிச் சுருள்) வைத்த இயந்திரங்களும் விற்கப்படுகின்றன. சூடேற்றும்போது இழுக்கும் மின்சார வாட்டும், தரும் வெப்ப வாட்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் அது ஆயில் ஹீட்டருக்கு உறவுதான், அதை வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு நிறைவளித்தது ஈரம் குறைந்ததுதான். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் நாட்களில் மெத்தையும் துணிகளும் நமுத்துப்போய், சுவரில் பூஞ்சை படர்ந்து, மாமியாருக்கு இளைப்பு கூடிவிடும். ஈரம் நிறைந்து நிற்கும் 14 டிகிரிக் காற்றை 21 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு நூறிலிருந்து 64 அளவுக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டு நீரையும் வெளியேற்றாமல், சூடேற்றுவதால் மட்டுமே இது நிகழ்கிறது. இப்போது அந்த அறையின் சுவர்கள் உலர்ந்திருக்கின்றன. இரவில் மாமியார் இருமி எழுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஏசி மெக்கானிக், ஐந்து ரோடு, சேலம்

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து மலையில் ஏசி மாட்டுகிறவன் என்ற முறையில், பொருத்தும்போது நான் கண்டவற்றைச் சொல்கிறேன். நல்ல இயந்திரத்தை அவசரமாகப் பொருத்தினால், மட்டமான இயந்திரத்தைவிட மோசமாக ஓடும்.

மலையில் எனக்கு வரும் புகார்களில் முதலாவது, "வெளி யூனிட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது" என்பது. குளிரூட்டும்போது உள் யூனிட்டில்தான் நீர் வடியும். சூடேற்றும்போது வெளி யூனிட்டின் காயில் (குழாய்ச் சுருள்) குளிர்ந்துவிடுவதால், பனிமூட்டத்தின் ஈரமெல்லாம் அதன் மேல் படிந்து கீழே வடியும். அது பழுது அன்று. ஆனால் சேலத்தில் மாட்டுவதுபோல வாசலுக்கு மேலேயோ, ஜன்னல் சிலாப்பின் மேலேயோ மாட்டிவிட்டால் சுவரெல்லாம் பாசி பிடித்துவிடும். இயந்திரத்தோடு பெட்டியில் வரும் வளைந்த பிளாஸ்டிக் துண்டை அடித்தட்டின் துளையில் பொருத்தி, குழாய் இணைத்து, நீரைத் தோட்டத்துக்கு விட்டுவிட வேண்டும். பலர் அந்தத் துண்டு எதற்கு என்று தெரியாமல் பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது புகார், "ஆன் செய்தால் காற்றே வரவில்லை" என்பது. உள் யூனிட்டின் சுருள் சூடாகும் வரை மின்விசிறியைச் சுழலவிடாமல் இயந்திரமே நிறுத்திவைக்கும். இல்லாவிட்டால் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். சில நிமிடங்கள் பொறுத்தால் சூடான காற்று வரும். இதற்காக ஒரு பெரியவர் என்னை மலைக்கு அழைத்து, நான் போய்ச் சேர்வதற்குள் அறையே சூடாகியிருந்தது. அவரிடம் பணம் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

பைப் போடும்போது வாக்குவம் பம்ப் வைத்துத்தான் காற்றை வெளியேற்ற வேண்டும். இயந்திரத்தில் இருக்கும் வாயுவையே சிறிது திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இப்போதைய ஏசிகளில் பொதுவாக இருக்கும் ஆர்-32 மெல்ல எரியக்கூடிய வாயு என்பதாலும், சிறிய யூனிட்டில் வாயுவின் அளவே குறைவு என்பதாலும் அதை அனுமதிக்காதீர்கள். மலைக்காற்றின் ஈரம் பைப்புக்குள் தங்கிவிட்டால் கம்ப்ரஸரின் ஆயுள் குறையும். பம்ப் கொண்டுவராத ஆளைத் திருப்பி அனுப்புவதில் தவறில்லை.

எர்த் பற்றி அம்மா குறிப்பிட்டது மிகவும் சரி. கீழே பாறை என்பதால் மலையில் எர்த் நன்றாகப் பிடிப்பதில்லை, இடியோ அதிகம். இன்வர்ட்டர் ஏசியின் போர்டு ஒருமுறை போனால் ஆகும் செலவில், எர்த் குழியும், திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டரும் போட்டுவிடலாம்.

வங்கி ஊழியர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

டீச்சருக்கும் அண்ணாவுக்கும் நன்றி. மலையின் அடிவாரத்தில் இருக்கும் எங்களுக்கு இது தேவையா என்று கேட்பவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். நான் விசாரித்தபோது, அதே 1 டன்னில் குளிர் மட்டும் தரும் மாடலுக்கும் இதற்கும் 5,000 முதல் 8,000 ரூபாய் வரை வித்தியாசம் சொன்னார்கள். சேலம் நகரில் தை மாத விடியற்காலைக்கு ஒரு போர்வை போதும். அந்தப் பணத்தை இங்கே குளிரூட்டும் நட்சத்திரத்துக்குக் கொடுப்பதே பயன் தரும்.

தங்கும் விடுதி நடத்துபவர், மஞ்சக்குட்டை

எங்களுடையது மங்களூர் ஓடு வேய்ந்த பழைய கட்டடம். டீச்சரின் கணக்கு ஓட்டுக்கூரைக்கு அப்படியே பொருந்தாது என்பதைப் பட்டறிவாகச் சொல்ல விரும்புகிறேன். சூடான காற்று மேலேறி ஓட்டுச் சந்துகளின் வழியே வெளியேறிக்கொண்டே இருந்ததால், ஒரு விருந்தினர் அறையில் பொருத்திய 1 டன் இயந்திரம் இரவெல்லாம் முழு வேகத்தில் ஓடியும் அறை 17 டிகிரியைத் தாண்டவில்லை. பெரிய இயந்திரமாக மாற்றித் தருவதாக விற்றவர் சொன்னார். நான் அதற்குச் சம்மதிக்காமல், ஓட்டுக்குக் கீழே சிமென்ட் ஃபைபர் போர்டால் ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் மேல் வெப்பத்தைத் தடுக்கும் கண்ணாடிக் கம்பளி (கிளாஸ் வூல்) விரித்தேன். ஜிப்சம் போர்டு இந்த ஈரத்தில் ஊதிவிடும் என்பதால் தவிர்த்தேன். கதவின் அடிச் சந்துக்கு ரப்பர் பட்டை ஒட்டினேன். அதன் பிறகு அதே இயந்திரம் 21 டிகிரியை எளிதாக எட்டி, ஓசையே தெரியாமல் ஓடுகிறது. எங்களுடையது வணிக இணைப்பு என்பதால் வீடுகளுக்குரிய 100 இலவச யூனிட்டும் கிடையாது. ஒவ்வொரு யூனிட்டும் கணக்குத்தான்.

எஸ்டேட் பகுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சில்வர் ஓக் இலைகள் உதிர்ந்து வெளி யூனிட்டின் பின்புறத்தில் அப்பிக்கொண்டால் வெப்பம் உறிஞ்சுவது குறைந்துவிடும். வாரம் ஒருமுறை கையாலேயே தள்ளிவிடலாம்.

டீச்சரிடம் ஒரு கேள்வி: இரவு முழுவதும் ஓட விடுகிறீர்களா, அல்லது படுக்கும்போது நிறுத்திவிடுகிறீர்களா? நடுவில் மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகிறது?

ஓய்வுபெற்ற ஆசிரியை, நாகலூர் சாலை

ஓட்டுக்கூரை பற்றி நீங்கள் எழுதியது பலருக்கு உதவும், ஐயா. சேலத்துத் தம்பி சொன்ன அந்த வளைந்த துண்டை எங்கள் வீட்டிலும் பொருத்தியிருக்கிறோம்.

இரவு முழுவதும் ஓடவே விடுகிறோம். சுவர்கள் குளிர்ந்துவிட்டால் அவற்றை மீண்டும் சூடாக்கப் பல மணி நேரம் ஆகும். 20 டிகிரியில் வைத்துவிட்டால் இன்வர்ட்டர் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடும். முன்பு சொன்ன 1,100 வாட் வெப்பத்துக்கு அது இழுப்பது 300 வாட்டை ஒட்டித்தான் இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட். அதே வெப்பத்தை ஆயில் ஹீட்டரில் பெற ஒன்பது யூனிட் ஆகும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டிய வீடுகளுக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. சூடான காற்று கூரையிலேயே தங்கிவிடும் என்பதால், காற்றுத் தகட்டை முழுவதும் கீழ்நோக்கி வைத்து, விசிறியை ஆட்டோவில் விட்டிருக்கிறோம்.

மின்சாரம் போய் வந்தால், முன்பிருந்த சூடேற்றும் நிலையிலேயே தானாகத் தொடங்கும் ஆட்டோ ரீஸ்டார்ட் வசதி எங்கள் மாடலில் இருக்கிறது. வயதானவர்கள் தனியாக உறங்கும் அறைக்கு வாங்குகிறவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், பொருத்தி முடித்தவுடன் மெக்கானிக் இருக்கும்போதே மெயின் சுவிட்சை நிறுத்திப் போட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.