புது ரூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு போன் போடுங்க

சலாம் தம்பிகளா. சிங்கப்பூர் வந்து ரெண்டு மாசமான பெரியபட்டினம் தம்பி ஒருத்தர் கேட்டாரு, உம்மாகிட்ட வீடியோ கால் பேசுனா மூஞ்சி அப்படியே நின்னு போவுது காக்கா, வைஃபை 7 ரூட்டர் ஆஃபர்ல கிடக்கு வாங்கிரவான்னு. இப்போதைக்கு வாங்காதீங்க. நானும் வந்த புதுசுல இதே கூத்து ஆடி சம்பளத்துல ஒரு பங்கை ரூட்டர்ல போட்டவன் தான், நண்டு மாதிரி ஆன்டனாவை நீட்டிக்கிட்டு நின்னுச்சு, ஆனா கீழக்கரையில உம்மா மூஞ்சி முன்ன மாதிரியே கட்டம் கட்டமா தான் வந்துச்சு.

கோளாறு என் பக்கமே இல்ல. லீவுல ஊருக்கு போயி பார்த்தா ரூட்டர் ஹால்ல இரும்பு பீரோவுக்கும் சுவத்துக்கும் நடுவுல சொருகி கிடக்கு, உம்மா உக்காந்து பேசுறது பின்கட்டு அடுப்படியில, நடுவுல பழைய காலத்து கனத்த சுண்ணாம்புச் சுவரு ரெண்டு. அது பத்தாதுன்னு ஃபைபர் பெட்டியிலேருந்து ரூட்டருக்கு வர்ற லேன் கேபிள் முனையில உப்புக்காத்து பட்டு பச்சையா களிம்பு ஏறியிருக்கு. நம்ம கரையில சைக்கிள் செயினே தாங்காது, அந்தச் சின்ன பின்னு எம்மாத்திரம். அந்த கேபிளுக்குள்ள 8 கம்பி, 1 ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துல ஓட எட்டும் வேணும், 100 எம்பிபிஎஸ்க்கு நாலு போதும், அதுலயும் ஒன்னு ஆடுச்சுன்னா வர்றதும் போறதுமா தான் இருக்கும். கேபிள்கார தம்பி வந்து முனையை வெட்டிட்டு புது கனெக்டர் அடிச்சாரு, ரூட்டரை நடைவாசலுக்கு மேல உயரத்துல மாட்டுனோம், அவ்ளோதான். மதுரையிலேருந்து எவ்ளோ வேகமா வந்த ரயிலும் பழைய பாம்பன் பாலத்துல ஊர்ந்து தானே போச்சு, நான் இங்க எக்ஸ்பிரஸ் வாங்கிட்டு பாலத்தை மறந்துட்டேன்.

அதனால முதல்ல இதை பாருங்க. அதே வைஃபைல இருந்துகிட்டு சிங்கப்பூர்லயே இருக்க கூட்டாளிக்கு வீடியோ கால் போடுங்க. அது நல்லா ஓடுனா உங்க ரூட்டர் மேல பழி போடாதீங்க. உம்மாவை வைஃபையை அமத்திட்டு சிம் டேட்டாவுல பேசச் சொல்லுங்க, அப்ப தெளிவா வந்துச்சுன்னா கோளாறு ஊரு வீட்டுல. கூட்டாளி காலும் இழுக்குதுன்னா லேப்டாப்பை லேன் கேபிள்ல நேரா சொருகி பாருங்க, கேபிள்ல நல்லா இருந்து வைஃபைல மட்டும் இழுத்தா தான் ரூட்டர் பேச்சே. வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் இருந்தா தாராளம், 1 ஜிகாபிட் பிளான் போட்டவன் காலும் நிக்கும்.

அப்பவும் இடத்தை மாத்தி பாருங்க. புது எச்டிபி வீட்டுல, அதான் சிங்கப்பூர் அரசாங்க அடுக்குமாடி வீட்டுல, பாம் ஷெல்டர்னு கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமா ஒரு குட்டி அறை இருக்கும், அதுக்கு அந்தப்பக்கம் படுத்துக்கிட்டு சிக்னல் வரலன்னா யார் தப்பு? வைஃபைக்கு ரெண்டு அலைவரிசை உண்டு, 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா போவும் ஆனா சுவரை தாண்டுனா சோர்ந்துரும், 2.4 தூரம் போவும் ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் அதுலயே கூடி நிப்பாங்க, மைக்ரோவேவ் அடுப்பு வேற நடுவுல வந்து கெடுக்கும்.

எப்ப தான் மாத்துறதுன்னு கேட்டா, ரூட்டர்ல 2.4 மட்டும் தான் இருக்கு, இல்ல லேன் போர்ட்டு 100லயே நிக்குது, இல்ல கம்பெனிக்காரன் செக்யூரிட்டி அப்டேட் கொடுக்குறதையே நிறுத்திட்டான், இந்த மூணுல ஒன்னு இருந்தா மாத்திருங்க, கடைசி ஒன்னுக்கு யோசிக்கவே வேணாம். அப்பவும் முந்தின தலைமுறை வைஃபை 6 போதும்னு தான் நான் சொல்வேன். வைஃபை 7க்கு 2024 ஜனவரியில தான் சான்றிதழ் கொடுக்கவே ஆரம்பிச்சாங்க, போன் அதுக்கு முந்தினதுன்னா அனேகமா அதுல அது இருக்காது. வாடகை ரூம்ல ஆறு பேரோட இருக்கவங்க சொந்தமா எதுவும் வாங்காதீங்க, ஓனர்கிட்ட பேசி இருக்கறதை நடு ஹாலுக்கு நகர்த்துங்க.

துபாய் தம்பிகளுக்கு, வாட்ஸப் கால் போகாதது ரூட்டர் கோளாறு இல்ல, அங்க வாட்ஸப் காலுக்கே தடை. போட்டிம் மாதிரி அனுமதி உள்ள ஆப்ல பேசுங்க.

தேவிபட்டினம் தம்பி ஒருத்தர் ஊர்லேருந்து ரூட்டரை கொண்டு வரலாமான்னு கேட்டிருந்தாரு. அடாப்டர்ல 100-240 வோல்ட்னு போட்டிருந்தா கரண்ட் பிரச்சினை இல்ல, பிளக் தான் சேராது, சிங்கப்பூர்ல மூணு சப்பை பின்னு. ஆனா அந்த லக்கேஜ் எடைக்கு கருவாடு கொண்டு வரலாம். பணத்தை செலவழிச்சே ஆகணும்னா ஊரு வீட்டுக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வைங்க, ரூட்டருக்கு மட்டும் இல்ல ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து, ரெண்டோட வோல்ட்டும் 9ஆ 12ஆன்னு பார்த்துட்டு வாங்கணும். கரண்ட் போனாலும் பேச்சு அறாது.

எங்க வீட்டுல எல்லாம் சரியாகி நாலு மாசம் நல்லா ஓடுச்சு. போன வாரம் திரும்ப இழுக்க ஆரம்பிச்சுது, கேமராவை அந்தப்பக்கம் திருப்புங்க உம்மான்னேன், ரூட்டருக்கு பூப்போட்ட துணி தச்சு போர்த்தி வச்சிருக்காங்க, தூசி படுதாம்.