கொம்பு இடம் மாறியதற்கு டிரைவர்தான் காரணமா?

குடந்தை அச்சகர்:
“லினக்ஸ் இயங்குதளத்தில் தமிழ் எழுத்து உடைந்தால் டிரைவரைத் தொடவே வேண்டாம்” என்று மன்னைக்காரர் எழுதியிருப்பதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்திருந்த நேரத்தில், எங்கள் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளில் ‘கும்பகோணம்’ என்று அடித்தால், இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற மென்பொருளை, அதாவது கிராபிக்ஸ் டிரைவரை, மாற்றினேன், சரியாயிற்று.

மன்னை லினக்ஸ்:
கண்டதை நான் மறுக்கவில்லை ஐயா, தாங்கள் சொல்லும் காரணம்தான் தவறு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கத்தில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் பதிவாகின்றன. கொம்பை இடப்புறமும் காலை வலப்புறமும் நிறுத்துவது ஹார்ஃப்பஸ் போன்ற நிரலின் வேலை. அதில் கிராபிக்ஸ் கார்டுக்குப் பங்கே இல்லை. ஸ்கிரைபஸ் 1.4 வரிசைக்கு இந்தத் திறன் கிடையாது. 2017-இல் வந்த 1.5.3-இல்தான் சேர்ந்தது. டிரைவரை மாற்றிய அன்று லினக்ஸ் முழுவதையும் புதுப்பித்தீர்களா, இல்லையா? புதுப்பித்திருந்தால் ஸ்கிரைபஸும் சேர்ந்து புதிய பதிப்புக்கு மாறியிருக்கும்.

குடந்தை அச்சகர்:
புதுப்பித்தேன். ஆனால் டிரைவர் மாறிய பிறகுதான் எழுத்து சரியாயிற்று. அச்சகத்தில் ஒரு நாள்கூட நின்று பார்க்காதவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் தம்பி.

தஞ்சைவாசி:
டிரைவரால் எழுத்து கெடும் என்பதை நானும் பார்த்திருக்கிறேன். மடிக்கணினியை உறக்கத்திலிருந்து எழுப்பினால் மெனுவில் பாதி எழுத்துகள் காணாமல் போகின்றன.

மன்னை லினக்ஸ்:
அது வேறு நோய். வரைந்த எழுத்துருவங்களைக் கார்டின் நினைவகத்தில் தேக்கி வைத்திருப்பார்கள். உறங்கி எழும்போது அது கலைந்தால் தமிழோடு ஆங்கிலமும் ஐகான்களும் சேர்ந்தே சிதையும், கொம்பு மட்டும் இடம் மாறாது. குடந்தை ஐயா, மெய்ப்புத் தாளிலும் கொம்பு பின்னால்தான் விழுந்ததா? பிடிஎஃப் ஆகி அச்சுக்குப் போகும் கோப்பு கிராபிக்ஸ் டிரைவரைத் தொடுவதே இல்லை.

குடந்தை அச்சகர்:
தாளிலும் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச்சு வாங்கியவன் நான். டிரைவரை மாற்றியதும் திரை, தாள் இரண்டும் சரியாயின. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போன வருடம் எங்கள் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தருவதாக ஏற்றுக்கொண்டு, பாதியில் கைவிட்டவர் தாங்கள்தான் என்பதை இங்கிருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

மன்னை லினக்ஸ்:
அந்தக் கோப்புகளில் டாப், பாமினி என்னும் இரண்டு பழைய குறியாக்கங்கள் ஒரே பத்திக்குள் கலந்து கிடந்தன. எழுத்துருப் பெயரையும் அழித்துவிட்டுக் கொடுத்தால் எந்த மாற்றியாலும் பிரிக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் அவற்றையே கட்டிக்கொண்டிருந்தது என் குற்றமா? இப்போதுள்ள அதே டிரைவரோடு ஸ்கிரைபஸின் 1.4 பதிப்பை நிறுவி, ‘கும்பகோணம்’ என்று அடித்துப் பாருங்கள். கொம்பு பழையபடி பின்னால் போகும்.

குடந்தை அச்சகர்:
நன்றாக ஓடுகிற கணினியில் தங்கள் வாதத்துக்காகப் பழையதை ஏற்ற மாட்டேன். டிரைவரை மாற்றினேன், சரியாயிற்று.

தஞ்சைவாசி:
என் மெனு எழுத்துக்கு வழி என்ன என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மன்னை லினக்ஸ்:
அதைத் தனி இழையில் கேளுங்கள். கொம்புக்கும் டிரைவருக்கும் தொடர்பில்லை என்பதை ஐயா ஏற்கும்வரை, நான் இங்கிருந்து நகர்வதாக இல்லை.